வாழை மரமும் தாய்மாமன் கழுத்தும்

மணிக்கட்டு முறிந்தவர்களின் விரல் இறுக்கத்தையும் வலியையும் எப்படி மதிப்பிடுவது என்று, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் ஒரு மணித்தியாலம் பேச வேண்டுமாம். கேட்டவுடன் சரி என்று சொல்லிவிட்டேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். மூட்டுக் கோணத்தை அளப்பது எப்படி என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? அதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. நீங்கள் என்னைவிட நன்றாகவே அளப்பீர்கள், எனக்கு அந்தக் கருவியில் உள்ள கோடுகளே இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் உங்களுக்கு ஒரு வாழை மரத்தின் கதையைச் சொல்லப் போகிறேன். யாரும் குறிப்பு எடுக்க வேண்டாம்.

பதுளையில் நான் பிசியோவாக வேலை பார்த்த காலம் முழுவதும் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்து மக்கள். மடுல்சீமையிலிருந்தும் நமுனுகுலவிலிருந்தும் இருட்டோடு எழுந்து பஸ் ஏறி வந்தவர்கள். அங்கே மழை பெய்தால் கால் வழுக்கும். கால் வழுக்கினால் கையை ஊன்றுவார்கள். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். மழைக்காலம் முடிந்து, போட்ட பிளாஸ்டரெல்லாம் வெட்டுகிற காலம் வந்தால் எங்கள் மர வாங்கில் உட்கார இடமிருக்காது. எலும்பு பொருந்தியிருக்கும், ஆனால் விரல்கள் மரக்கட்டையாக இருக்கும். முறிந்தது மணிக்கட்டு, மடங்காமல் போனது விரல். ஏன் என்று கேட்டால், கட்டுப் போட்ட நாளிலிருந்து அக்கம்பக்கத்தார் சொன்ன புத்திமதிதான் காரணமாக இருக்கும். ஆட்டாதே, அசைக்காதே, எலும்பு விலகிவிடும். விரலை ஆட்டச் சொல்லி வைத்தியசாலையில் சொன்னது பஸ் ஏறும்போதே மறந்திருக்கும்.

இறுக்கத்தை அளந்துவிடலாம். வலியை அளப்பதுதான் பெரும்பாடு. பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணைச் சொல்லுங்கள் என்று நாமும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். எனக்கு அந்தக் கேள்வியைக் கண்டாலே கோபம் வரும். ஒருமுறை கொழுந்து எடுக்கிற ஒரு அம்மாவிடம் அப்படிக் கேட்டேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிகவும் அன்பாக, "ஒங்களுக்கு எவ்வளவு வேணுமோ போட்டுக்கங்க மிஸ்" என்றார்.

சிரிக்காதீர்கள், அவர் என்னைக் கேலி செய்யவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள் எந்தப் பதிலை விரும்புவார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அதையே கொடுத்துவிடுவார்கள். வலிக்குதா என்று கேட்டால் ஆமாங்க. வலி குறைஞ்சிருக்குமே என்று கேட்டால் அதற்கும் ஆமாங்க. ஒரே ஆள், ஒரே நிமிடத்தில். இதில் பொய் ஒன்றும் இல்லை, மரியாதை அது. நம்முடைய வேலை அந்த மரியாதைக்குப் பின்னால் இருக்கும் விரலைக் கண்டுபிடிப்பது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக ஒரு சிங்கள அம்மையார் இருந்தார். சிடுசிடுப்பானவர். நான் அளந்து எழுதியதைப் பார்க்கவே மாட்டார், ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். இந்தக் கைக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்று கேட்டாயா என்பார். கேட்கவில்லை என்றால் திரும்ப அனுப்பிவிடுவார். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் யோகராஜ் விஷயத்தில் நான் கோட்டை விட்டிருப்பேன்.

யோகராஜ் வந்தது பல வருடம் கழித்து. அவருக்கு அப்போது இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருந்து த்ரீவீலர் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் லயத்து வீடுகளுக்குக் கீழே தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கப் போனவர், பாசி படிந்த கல்லில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பிளாஸ்டர் வெட்டியதும் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். கூட அவருடைய தங்கை மாலா வந்திருந்தாள். கொழுந்து எடுக்கிற பெண், வாய் ஓயாதவள். அன்றைக்கு மட்டும் ஏனோ உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யோகராஜ் நல்ல சிரித்த முகம். வலி இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றுமே இல்லையாம். விரலை மடக்கச் சொன்னேன். நான்கு விரலும் பாதி வழி வந்து நின்றன. அந்தக் கையால் ஒரு தோடம்பழத்தைப் பிடிக்கலாம், ஒரு பென்சிலைப் பிடிக்க முடியாது. அப்போதும் முகத்தில் அதே சிரிப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இங்கேதான் ஆட்கள் தப்புப் பண்ணுகிறார்கள். வலி இல்லை, ஆனால் விரல் மடங்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? மூட்டு இறுகிவிட்டது, தைரியமாக அழுத்தி வளைக்கலாம் என்று அர்த்தம். அவர் சொன்னதை நம்பியிருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன். அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார். மறுநாள் அந்தக் கை பணியாரம் போல வீங்கியிருக்கும், அதற்கு மறுநாள் பயத்தில் கிளினிக்குக்கே வந்திருக்க மாட்டார்.

நான் நம்பவில்லை. காரணம் அவருடைய நகக்கண். வலது கையின் நகக்கண்ணில் மட்டும் மஞ்சள் படிந்திருந்தது, நல்ல கடும் மஞ்சள். வலி இல்லாத கைக்கு யாராவது மஞ்சள் அரைத்துப் பத்துப் போடுவார்களா? மேசைக்குக் கீழே பார்த்தேன். நான் விரலைத் தொடும்போதெல்லாம் செருப்புக்குள் அவருடைய கால் கட்டைவிரல் சுருண்டு சுருண்டு போனது. முகம் பழகியபடி சிரித்துக்கொண்டிருந்தது, காலுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை.

என் இடது ஆள்காட்டி விரலை அவருடைய நல்ல கையில் கொடுத்தேன். நான் உங்கள் விரலை வளைக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறதோ, அதே அளவுக்கு என் விரலை அழுத்துங்கள், வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். அவருக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது போல. சரிங்க மிஸ் என்றார். சுண்டுவிரலை வளைத்தேன், லேசாக அழுத்தினார். மோதிர விரல், இன்னும் கொஞ்சம். நடுவிரலின் அடி மொளியை, அந்த முதல் மூட்டை, தொட்டு வளைத்தேன். என் விரல் நொறுங்கிவிட்டது என்றே நினைத்தேன். த்ரீவீலர் ஓட்டுகிற கையல்லவா. மாலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வலி எங்கே என்று தெரிந்துவிட்டது. இனி என்ன வகை என்று பார்க்க வேண்டும். மணிக்கட்டை நிமிர்த்தியும் மடக்கியும் வைத்து விரல்களை வளைத்தேன். வளைவு மாறவில்லை. அப்படியென்றால் இழுத்துப் பிடிப்பது தசைநார் இல்லை, மூட்டுதான். மூட்டு எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே கொஞ்சம் விட்டுக் கொடுத்தது, சுவரில் முட்டுகிற மாதிரி நிற்கவில்லை. கட்டைவிரலை மேலே தூக்க முடிந்தது, அங்கேயும் தசைநார் அறுந்திருக்கவில்லை. தோல் பளபளக்கவில்லை, வியர்க்கவில்லை, எரிச்சல் இல்லை, சட்டை பட்டாலே துடிக்கிற அந்தப் பொல்லாத வலியும் இல்லை. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இந்தக் கை திரும்பி வரும். அவசரப்படாமல் கூப்பிட்டால் வரும்.

அப்புறம்தான் சிங்கள அம்மையாரின் கேள்வியைக் கேட்டேன். இந்தக் கைக்கு என்ன வேலை காத்திருக்கிறது?

த்ரீவீலர்தான் மிஸ் என்றார் யோகராஜ். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மாலாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "கல்யாணங்க மிஸ். இந்தக் கையாலதான் தாலி கட்டணும்" என்றாள்.

கதை முழுவதும் அவள் வாயிலிருந்து வந்தது. பெண் நமுனுகுலவில் ஒரு தோட்டத்துப் பாலர் பாடசாலை டீச்சர், பெயர் சுமித்ரா. மூன்று வருடமாக இருவருக்கும் விருப்பம். பெண்ணுக்கு அப்பா இல்லை, எல்லாம் தாய்மாமன்தான். கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மனிதரைச் சம்மதிக்க வைப்பதற்குள் இவர்களுக்கு உன்பாடு என்பாடு ஆகிவிட்டது. ஒருவழியாக நாள் குறித்தார்கள், யோகராஜ் வழுக்கி விழுந்தார், கல்யாணம் தள்ளிப் போனது. இது நல்ல சகுனம் இல்லை என்று மாமா முணுமுணுக்க ஆரம்பித்தார். இரண்டாவது நாளும் குறித்தாகிவிட்டது. கை விளங்காத பயலுக்குப் பெண் கொடுக்க முடியாது, இந்த முறையும் தள்ளிப் போனால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று வீட்டில் சத்தம் போட்டிருக்கிறார். அதிலிருந்து யோகராஜுக்கு எங்கேயும் எதுவும் வலிக்கவில்லை. பெண்ணிடம் போனில் வலிக்கவில்லை, மாமாவிடம் வலிக்கவில்லை, என்னிடமும் வலிக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தங்கையிடம் பத்துப் போடச் சொல்வாராம்.

நாள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு மாதம் கூட இல்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? முழு முஷ்டியை வரவழைக்கலாம், பிடியின் பலத்தைக் கூட்டலாம், புத்தகத்தில் உள்ள வரிசைப்படி போகலாம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் தாலி கட்டுவதற்கு முஷ்டி எதற்கு? நான் எழுந்து நின்று, மாலாவின் கழுத்துக்குப் பின்னால் வெறுங்கையால் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டியும் நடுவிரலும்தான் வேலை செய்தன. மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்திருந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, எல்லாம் விரல் நுனியின் தடவலில்தான் நடந்தது. அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால் போதும், மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் தங்கை போடுவாள். ஆக எனக்கு வேண்டியது ஒரே ஒரு முடிச்சு. அங்கேயே முடிவெடுத்தேன். மற்றப் பயிற்சிகள் ஒரு பக்கம் நடக்கட்டும், முதலில் இந்த மூன்று விரலும் ஒரு கயிற்றோடு சிநேகமாகட்டும்.

கட்டுத்துணியில் நீளமாக ஒரு பட்டி கிழித்துக் கொடுத்தேன். கழுத்து உயரத்தில், கழுத்துப் பருமனில் ஏதாவது ஒன்றில் தினமும் கட்டிப் பழகுங்கள், வலி மிஞ்சினால் விட்டுவிடுங்கள் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. சத்தியமாக அவ்வளவுதான்.

இரண்டு கிழமை நன்றாகப் போனது. விரல்கள் இணங்கி வந்தன. மூன்றாவது கிழமை நான் கிளினிக்கைத் திறந்தபோது வாங்கில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தடித்த மப்ளர், முறுக்கிய மீசை. பக்கத்தில் ஒரு பெண் அழுத கண்ணோடு. அடுத்த பஸ்ஸில் யோகராஜும் மாலாவும் வந்து இறங்கினார்கள். சுமித்ராவையும் அவளுடைய மாமாவையும் பார்த்ததும் அண்ணன் தங்கை இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

அந்த மனிதர் என்னிடம் தன் போனை நீட்டினார். அதில் ஒரு படம். லயத்துக்குப் பின்னால் ஒரு வாழை மரம். அதன் தண்டில் கழுத்து உயரத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது, முடிச்சுப் போட்டு.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கிறிஸ்தவக் குடும்பம், எங்கள் பக்கம் இந்த வழக்கம் இல்லை. சுமித்ராதான் தணிந்த குரலில் சொன்னாள். ஜாதகத்தில் இரண்டு தாரம் என்று தோஷம் இருக்கும் ஆணுக்கு, முதலில் ஒரு வாழைக்குத் தாலி கட்ட வைத்து மரத்தை வெட்டிவிடுவார்களாம். முதல் தாரம் கழிந்துவிட்டது என்று கணக்கு. படத்தை எடுத்தது யோகராஜின் பக்கத்து லயத்துக்காரர் யாரோ. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கூடிய இடத்தில் அது ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போய், மத்தியானத்துக்குள் பஸ்ஸே போகாத வேகத்தில் நமுனுகுலவுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளைக்குத் தோஷமாம், மறைத்துவிட்டார்களாம், இரகசியமாகப் பரிகாரம் செய்கிறார்களாம்.

மாலாதான் அழாத குறையாகச் சொன்னாள். லயத்துக் கம்பம் ரொம்ப ஒல்லி, பலா மரம் ரொம்பத் தடிப்பு, கழுத்துப் பருமனில் அந்த வாழைதான் இருந்தது. பட்டி வெள்ளைத் துணிதான். தினமும் கையில் பத்தோடு கட்டிக் கட்டி மஞ்சளாகிவிட்டது.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆனால் சுமித்ராவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இது விளையாட்டு இல்லை. என் மேசையில் கிடந்த வெள்ளைப் பட்டியை எடுத்து மாமாவிடம் காட்டி, நான் கொடுத்ததுதான், பயிற்சிக்குத்தான் என்று விளக்கினேன். தோஷக் கதையை அவர் ஒருவாறு விட்டுவிட்டார். ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை, உடனே அடுத்ததைப் பிடித்தார்.

"அப்ப கை இன்னும் சரியில்ல. அதுதானே பழகுறான்? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மிஸ். கட்டுவானா, மாட்டானா?"

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். உங்களுக்கும் இந்த நேரம் வரும். கேட்பவர் கல்யாணத்துக்காகக் கேட்கலாம், வேலைக்காகக் கேட்கலாம். கட்டுவார் என்று சொன்னால் அந்தக் கையின் சார்பில் நான் வாக்குக் கொடுக்கிறேன். பார்க்கலாம் என்று இழுத்தால் சம்பந்தம் அங்கேயே முறிகிறது. யோகராஜைப் பார்த்தேன். அதே சிரிப்பு, கால் கட்டைவிரல் சுருண்டிருந்தது. அந்தச் சிரிப்பு கலையாமல் நான் எதைச் சொன்னாலும் பிரயோசனமில்லை என்று தோன்றியது.

நான் சொல்வதை விட நீங்களே பாருங்கள் என்றேன் மாமாவிடம். கட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

எதில் கட்டுவது? சுமித்ராவின் கழுத்தில் நாளுக்கு முன்னால் கட்டக் கூடாது. மாலா தங்கை, அவள் கழுத்தில் கட்டுவது பேச்சுக்கே இடமில்லை. என் கழுத்தைக் காட்டினால் இன்னொரு வதந்தி கிளம்பும். வாழை மரத்தைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. ஒரு நிமிடம் எல்லாரும் அறையைச் சுற்றிக் கண்ணால் தேடினோம். பிறகு மாமா பெருமூச்சு விட்டார், மப்ளரைக் கழற்றி மருமகளிடம் கொடுத்தார், என் முக்காலியில் வந்து உட்கார்ந்து முதுகைத் திருப்பினார்.

"கட்டு" என்றார்.

வெளியே வாங்கில் இருந்தவர்களெல்லாம் கதவருகே கூடிவிட்டார்கள். முறுக்கு மீசைக்காரர் மணப்பெண் மாதிரித் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், மாப்பிள்ளை பின்னால் நின்று பட்டியைக் கழுத்தில் போடுகிறார். யாரோ வாய்க்குள்ளே கெட்டிமேளம் என்றார்கள். திரும்பிப் பார்த்து முறைத்தேன்.

யோகராஜின் விரல்கள் பட்டியின் நுனிகளைப் பிடித்தன. குறுக்கே போட்டன. நடுவிரல் நுழைய வேண்டிய இடத்தில் நுழையவில்லை. இன்னொரு முறை. நெற்றியில் வியர்வை. முகத்தில் சிரிப்பு மட்டும் ஆணி அடித்தது போல இருந்தது.

மாமா தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "வலிக்குதா?"

"இல்லைங்க மாமா."

"பொய் சொல்லாத. ஒன் கை நடுங்குறது என் கழுத்துக்குத் தெரியுது."

பட்டி கையில் அப்படியே நின்றது.

"வலிக்குதுங்க மாமா" என்றார் கடைசியில். "நெறைய வலிக்குதுங்க."

"அதச் சொல்றதுக்கு என்ன? வலிக்குதுன்னா பொண்ணு குடுக்க மாட்டேன்னு எவன் சொன்னான்?"

"நீங்கதாங்க மாமா சொன்னீங்க."

சுமித்ராதான் முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீரோடு, மப்ளரை வாயில் அமுக்கிக்கொண்டு. பிறகு மாலா, பிறகு கதவருகே நின்ற எல்லாரும். மாமா சிரிக்கவில்லை, அவருடைய முதுகு மட்டும் குலுங்கியது.

முடிச்சு அன்றைக்கு விழவில்லை. விழுந்தது என்று சொன்னால் கதை அழகாக இருக்கும், ஆனால் விழவில்லை, பட்டி நழுவிவிட்டது. ஆனால் நான் எதிர்பார்த்தது வேறு. யோகராஜின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போயிருந்தது. செருப்புக்குள் கால் விரல்கள் நேராக இருந்தன. அப்போதுதான் என் வார்த்தையைச் சொன்னேன். இப்போது கட்ட முடியவில்லை. வலிக்கிற இடத்தை இப்படியே மறைக்காமல் சொன்னால், குறித்த நாளில் கட்டுவார். அன்றைக்கும் வலிக்கும், வலியோடு கட்டுவார். மறைத்தால் என்னால் எதுவும் சொல்ல முடியாது.

மாமா மப்ளரைச் சுற்றிக்கொண்டே யோசித்தார். நாளை மாத்த வேண்டாம் என்றார். பிறகு வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "வாழ மரம் வேணாம் மாப்புள. ஒங்களுக்கு கிளினிக்கு இருக்கிற நாளு நானும் வாறேன்" என்றார்.

சொன்னபடியே வந்தார். நமுனுகுலவிலிருந்து பஸ் ஏறி, தன் கழுத்தைக் கொண்டு வந்தார். முக்காலியில் உட்கார்ந்து, பத்திரிகையை விரித்து வாசித்துக்கொண்டே மாப்பிள்ளைக்குக் கழுத்தைக் கொடுப்பார். இடையில் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, இப்ப நடுவெரலு கொஞ்சம் நடுங்குது, இன்னைக்குக் கட்டவெரலு பரவாயில்ல என்று குரல் வரும். யோகராஜும் இங்க வலிக்குது, இங்க இல்ல, இது வேற மாதிரி வலி என்று வாய் நிறையச் சொல்ல ஆரம்பித்தார். வலியைச் சொல்லத் தொடங்கிய பிறகு எனக்கு அழுத்துவதற்கும் விடுவதற்கும் இடம் தெரிந்தது. விரல்களும் கிழமைக்குக் கிழமை இறங்கி வந்தன. அந்தக் கிளினிக் நாட்களில் நான் வேலைக்குப் போனது சம்பளத்துக்காக இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். அவ்வளவு சிரித்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். தோட்டத்துக் கோவில், விடிந்தும் விடியாததுமாகப் பனிமூட்டம், ஒலிபெருக்கியில் பாட்டு. பந்தலின் இரு பக்கமும் குலை தள்ளிய வாழை மரம் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கும் மாலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தாலித் தட்டு எல்லார் கையிலும் பட்டு வந்தது. யோகராஜ் கயிற்றை எடுத்தார். அப்போதுதான் அந்தக் கயிறு என் கண்ணில் பட்டது. நாங்கள் பழகியது காய்ந்த துணிப்பட்டியில். இது மஞ்சளில் நனைத்த புதுக்கயிறு, தடிப்பு, ஈரம், வழுக்கும். இத்தனை வருடம் வேலை பார்த்தவளுக்கு அது தோன்றவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மேளம் உச்சத்துக்குப் போனது. அரிசியும் பூவும் எல்லார் கையிலும். சுமித்ரா தலையைக் குனிந்தாள். யோகராஜின் விரல்கள் அவளுடைய பிடரியில் கயிற்றைக் குறுக்கே போட்டன. வழுக்கியது. மேளக்காரர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் வேகமாக அடித்தார்கள். யோகராஜின் புருவம் சுருங்கியது, பல்லைக் கடித்தார். நன்றாக வலிக்கிறது என்று என் இடத்திலிருந்தே தெரிந்தது. அவர் அதை மறைக்கவில்லை. நிறுத்தி, ஒரு மூச்சு எடுத்து, நடுவிரலைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி நுழைத்தார்.

முடிச்சு விழுந்தது.

பூவும் அரிசியும் பறந்த நேரத்தில் நான் மாமாவைப் பார்த்தேன். கூட்டத்தில் நின்றுகொண்டு, தன்னை அறியாமல் தன் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதற்குள் மேடையில் ஒரு சின்னச் சண்டை. யோகராஜின் கை நிற்கவில்லை, அது பாட்டுக்கு இரண்டாவது முடிச்சுக்குப் போய்விட்டது. மாலா அண்ணனின் கையில் ஒரு அடி போட்டாள். "விடுண்ணே. மிச்சம் ரெண்டும் எனக்கு."

பந்திக்குப் போகும் முன் இருவரும் என்னிடம் வந்தார்கள். அவருடைய வலது கையை என் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வலிக்குதா?

சுமித்ரா பக்கத்தில் நின்றாள். மாமா பின்னால் நின்றார். ஊரே நின்றது. யோகராஜ் யார் முகத்தையும் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார்.

"வலிக்குதுங்க மிஸ். நடுவெரலு அடி மொளியில மட்டும். போன கெழமைய விடக் கொஞ்சம் கொறவு."

எந்த முகத்துக்காகவும் சொன்ன பதில் இல்லை அது. அந்த மொளியை லேசாக வளைத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் வளைந்து கொடுத்தது.